கவனம் சிதறும் பிள்ளைக்கு வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"மூளைப் பயிற்சி ஆப் ஒன்று சொல்கிறார்கள், வாங்கலாமா?" கவனக்குறைவுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியை நான். என்னிடம் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இதைத் தொடர்ந்து இன்னும் பத்துப் பதினைந்து கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

கார்ட்டூன் என்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்கிறான். புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. இது கவனக்குறைவா, சோம்பேறித்தனமா?

கவனக்குறைவு என்ற சொல்லே நம்மைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும்தான் சிரமப்படுகிறார்கள். கார்ட்டூனில் சில நொடிகளுக்கு ஒரு முறை படம் மாறுகிறது, சத்தம் வருகிறது, சிரிப்பு வருகிறது. பிள்ளையின் கவனத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் திரையே செய்துவிடுகிறது. வாய்ப்பாட்டுப் புத்தகம் அப்படி எதையும் செய்யாது. அங்கே பிள்ளை தன் கவனத்தைத் தானே பிடித்து வைத்திருக்க வேண்டும். அதனால் டிவி முன்னால் உட்கார்வதை வைத்து "இவனுக்கு ஒன்றும் இல்லை, திமிர்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்த அளவுக்குப் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்?

துறுதுறுவென்று இருப்பது குழந்தையின் இயல்பு. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு என்று சொல்வதற்கு மருத்துவர்கள் சில வரையறைகளை வைத்திருக்கிறார்கள். அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் படிப்பிலோ வகுப்பறையிலோ காரணத்தைத் தேடுங்கள். வீட்டில் மட்டும் என்றால் வீட்டு நடைமுறையைப் பாருங்கள்.

எந்தப் பயிற்சியையும் ஆரம்பிக்கும் முன் சிலவற்றைச் சோதித்துவிடுவது நல்லது. கண் பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, தூக்கம். டான்சில், அடினாய்டு வீக்கத்தால் இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளை பகலில் கவனக்குறைவுள்ள பிள்ளையைப் போலவே நடந்துகொள்ளும். சில நொடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பேச ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஒரு வகை வலிப்பு இருக்கலாம். கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு எழுத்தே பிடிபடாததால் கவனம் ஓடும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நினைவாற்றல் விளையாட்டு வாங்கிக் கொடுத்தால் மாதங்கள்தான் வீணாகும்.

மூளைப் பயிற்சி என்று சொல்கிறார்களே, அதில் என்னதான் பயிற்சி கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று திறன்களுக்கு. முதலாவது செயல்நினைவு, அதாவது வொர்க்கிங் மெமரி. "மாடிக்குப் போய் நீலப் பையை எடு, அதிலிருக்கும் டைரியைக் கொண்டுவா, வரும்போது ஃபேனை அணை" என்கிறீர்கள். மாடி ஏறி இறங்கும்வரை இந்த மூன்றையும் மனதில் தாங்கிக்கொண்டிருக்கிறதே, அதுதான் செயல்நினைவு. கவனக்குறைவுள்ள பிள்ளைகள் பலருக்கு இது வயதுக்கேற்ற அளவில் இருப்பதில்லை. மாடிக்குப் போனவன் ஜன்னல் வழியாகக் காக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டாவது, வருகிற உந்துதலை அடக்குவது: கேள்வி முடியும்முன் பதில் சொல்லாமலிருப்பது, வரிசையில் காத்திருப்பது. மூன்றாவது, சலிப்பான வேலையிலும் தொடர்ந்து நிற்பது.

2007இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளை ஸ்கேன்களை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை அதிகபட்சத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய ஏழரை, இவர்களிடம் பத்தரை. அதிகம் பின்தங்கியிருந்தது முன்மூளைப் பகுதி. வளரும் வரிசையில் பெரிய மாற்றம் இல்லை, வேகம்தான் குறைவு. பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்கான பொறுப்பை எதிர்பார்த்துக் கோபப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கணினியிலோ போனிலோ கொடுக்கும் நினைவாற்றல் பயிற்சி பலன் தருமா?

விளையாட்டில் தரும். வாழ்க்கையில் தருகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. விளம்பரங்கள் இந்த இடைவெளியைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் பெரிய நம்பிக்கையை உண்டாக்கியவர் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டார்கெல் கிளிங்பெர்க். ஏ.டி.எச்.டி. உள்ள 53 பிள்ளைகளை வைத்து அவருடைய குழு நடத்திய ஆய்வு 2005இல் வந்தது. திரையில் ஒளிரும் கட்டங்களை வரிசை மாறாமல் நினைவில் வைத்துத் தொடுவது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது போன்ற பயிற்சிகள். பிள்ளை சரியாகச் செய்யச் செய்ய கணினி கடினத்தைக் கூட்டும். ஐந்து வாரத்தில் நினைவுத் தேர்வுகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். பிள்ளையிடம் மாற்றம் தெரிகிறது என்று பெற்றோரும் சொன்னார்கள். ஆனால் ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டில் அப்படியொரு மாற்றம் வரவில்லை. இந்தப் பயிற்சிதான் காக்மெட் என்ற பெயரில் பல நாடுகளில் விற்பனைக்கு வந்தது.

பிறகு மற்றவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் 16 ஆய்வுகளை, மொத்தம் 759 பிள்ளைகளின் முடிவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது ஒரு குழு. நினைவுத் தேர்வுகளில் மதிப்பெண் கூடியது உண்மை. பிள்ளை பயிற்சியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மதிப்பிட்டபோது கவனமும் கூடியதுபோலத் தெரிந்தது. அது தெரியாதவர்களின் மதிப்பீட்டை மட்டும் எடுத்தபோது அந்தப் பலன் சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குப் போய்விட்டது. படிப்பில் முன்னேற்றம் தெரியவில்லை. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐந்து வாரம் தினமும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெற்றிக்கும் கைதட்டிய அம்மாவின் கண்ணுக்குப் பிள்ளை மாறித்தான் தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு கல்லூரி மாணவரிடம் எண்களைப் படித்துக்காட்டித் திருப்பிச் சொல்லவைத்த பரிசோதனை ஒன்று உண்டு. 1980இல் வெளியானது. ஆரம்பத்தில் அவருக்கு ஏழு எண்கள்தான் நினைவில் நின்றன. 200 மணி நேரத்துக்கும் மேல் பழகி 79 எண்கள் வரை போய்விட்டார். ஓட்டப்பந்தயக்காரர் என்பதால் எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி மனதில் அடுக்கிக்கொண்டார். பிறகு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்துகள்தான் நின்றன. அவருடைய நினைவாற்றல் வளரவில்லை. எண்களை அடுக்கும் வித்தைதான் கைவந்தது.

எதைப் பழகுகிறோமோ அது வளரும். பக்கத்து வீட்டுத் திறமை தானாக வளர்ந்துவிடாது. வீட்டுப் பயிற்சி பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

அமெரிக்காவில் ஒரு வீடியோ கேமை மருந்துபோல டாக்டரே எழுதிக் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்ததாமே?

ஆமாம். எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற விளையாட்டுக்கு 2020 ஜூனில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. தொடக்கத்தில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. ஒரு நாளுக்கு 25 நிமிடம், வாரத்தில் 5 நாள், 4 வாரம் விளையாட வேண்டும். 348 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், கணினியில் எடுத்த கவனத் தேர்வில் இந்த விளையாட்டை ஆடியவர்கள் முன்னேறினார்கள். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவுக்குச் சாதாரணச் சொல் விளையாட்டைக் கொடுத்திருந்தார்கள். பெற்றோரிடம் கேட்டபோது இரண்டு குழுவிலும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியதாகத்தான் சொன்னார்கள். பெரிய கெடுதல் எதுவும் இல்லை. சிகிச்சைக்குப் பதிலாக இது போதும் என்று அனுமதி கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பை நடத்திய நிறுவனம், விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்ற அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 2016இல் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் கவனம் கூடும் என்கிறார்களே?

மனக்கணக்குக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள். குஜராத்தின் வதோதராவில் ஒரு பள்ளியில் 200 பிள்ளைகள் அளவில் மூன்று வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. அபாகஸ் படித்தவர்களுக்குக் கணக்கு நன்றாகவே வந்தது. ஆனால் செயல்நினைவு போன்ற பொதுத் திறன்கள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடவில்லை. அதே கதைதான், பழகியது வளர்ந்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கவைக்கும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்பு பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பிள்ளை மூக்கோர இடுக்கு வழியாகப் பார்த்துப் படிக்கிறது. கூடவே, பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லவும் பழகிவிடுகிறது.

அவதானம், கவனகம் என்று நம்மிடமே கலை இருக்கிறதே?

இருக்கிறது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு செயல்களில் ஒரே சமயத்தில் கவனம் வைத்து 'சதாவதானி' ஆனார். அது புலமையும் நீண்ட பயிற்சியும் சேர்ந்த கலை. ஆர்வமுள்ள பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். ஹோம்வொர்க் டைரியை வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு வைத்தியமாக அதை நினைக்க வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. வீட்டில்தான் நிறையச் செய்ய முடியும். பிள்ளைக்கு எந்த இடத்தில் இடறுகிறதோ அதையே பயிற்சியாக எடுங்கள். பை அடுக்க மறக்கிறானா, பை அடுக்குவதுதான் அவனுக்கு நினைவாற்றல் பயிற்சி. குறுக்கே பேசுகிறாளா, சாப்பிடும்போது ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுவதுதான் அவளுக்கு அடக்கப் பயிற்சி.

மனதில் தாங்க முடியாததை வெளியே கொண்டுவந்து வையுங்கள். காலையில் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும்வரை செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து, பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பல் துலக்குவது, குளிப்பது, யூனிஃபார்ம், சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஷூ. ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு துணி கிளிப்பைப் பக்கத்தில் மாட்டட்டும். படத்தை நீங்களே வரைந்து ஒட்டுவதைவிட அவனையும் வைத்துக்கொண்டு வரைவது நல்லது, அப்போதுதான் அது அவனுடையதாக இருக்கும். "குளிச்சியா? ஷூ போட்டியா?" என்று பத்து முறை கத்துவதற்குப் பதில் "அடுத்த படம் என்ன?" என்ற ஒரே கேள்வி போதும்.

நேரமும் அப்படித்தான். "இன்னும் பத்து நிமிஷம்" என்பது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம். முள் நகர்கிற பெரிய கடிகாரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அல்லது ஒரு மணல் கடிகாரம் வாங்கி வையுங்கள். நேரம் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். போனில் டைமர் வைத்தால் போனே கைக்கு வந்துவிடும்.

சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சமையலறையிலிருந்து கரடியாகக் கத்தினாலும் காதில் ஏறாது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "என்ன சொன்னேன்?" என்று மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். அதை முடித்து வந்தபின் அடுத்தது. இது நன்றாகப் பழகியதும் இரண்டு வேலையாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கணினி செய்ததுபோலவே கொஞ்சம் கொஞ்சமாகக் கடினம் கூடுகிறது. வித்தியாசம், பிள்ளை பழகுவது நிஜ வேலையை.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம் போலத் தெரியும். "நல்லா கவனி" என்பது பிள்ளைக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. "மிஸ் கேள்வி கேட்டால் முதலில் கையைத் தூக்குவேன்" என்று, இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற வடிவத்தில் பிள்ளையே சொல்லிப் பழகினால் உந்துதலை அடக்குவது கூடுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

பல்லாங்குழி, தாயம் மாதிரி விளையாட்டுகள் உதவுமா?

உதவும், ஆனால் மூளை வளரும் என்ற கணக்கில் அல்ல. தாயத்தில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், காய் வெட்டுப்பட்டால் தாங்கிக்கொள்ள வேண்டும். பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் அவசரப்பட்டு நகர்த்தினால் புலி மாட்டிக்கொள்ளும். காத்திருப்பதையும் தோல்வியையும் பெரியவர்களோடு சேர்ந்து நிஜமாகவே பழகுகிற இடம் இது. ஓடியாட வேண்டுமென்றால் கல்லா மண்ணா. அதில் எதிராளி சொல்வதைக் காதால் வாங்கி அதற்கேற்ப உடனே காலை மாற்ற வேண்டும். பத்து நிமிடம் போதும். பிள்ளைக்கு அலுப்பு தட்டும் முன்பே நிறுத்துங்கள், அப்போதுதான் நாளைக்கு அவனே கேட்பான். தோற்றதும் காயைத் தள்ளிவிட்டால் திட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் ஆடுங்கள்.

ஹோம்வொர்க் நேரம் எங்கள் வீட்டில் போர்க்களம். என்ன செய்வது?

பள்ளி விட்டு வந்த உடனே உட்காரவைக்காதீர்கள். ஏதாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் ஓடியாடிவிட்டு வரட்டும். உட்காரும் இடம் சுவரைப் பார்த்து இருக்கட்டும். மேஜையில் அந்த நேரத்துக்கு வேண்டிய ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் மட்டும். டிவி அணைந்திருக்க வேண்டும், பெரியவர்கள் பார்க்கும் சீரியலும் சேர்த்துத்தான்.

வேலையை வெட்டிக் கொடுங்கள். இருபது கணக்கு இருக்கிற பக்கத்தில் நான்கைத் தவிர மற்றதை ஒரு காகிதத்தால் மூடுங்கள். நான்கு முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். பிறகு அடுத்த நான்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டு, பத்து நிமிடத் துண்டுகள் போதுமானவை. நின்றுகொண்டு எழுதுகிறானா, எழுதட்டும். காலை ஆட்டுகிறாளா, ஆட்டட்டும். அசையாமல் உட்கார்வதிலேயே முழுச் சக்தியும் போய்விட்டால் கணக்குக்கு என்ன மிஞ்சும்?

வாய்ப்பாட்டைப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே சொல்லலாம். பந்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டே ஆங்கில எழுத்துக் கூட்டலைச் சொல்லலாம். ஒரு நாள் எதுவும் ஓடவில்லையென்றால், பாதியிலேயே நிறுத்தி "இன்று இவ்வளவுதான் முடிந்தது" என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு ஹோம்வொர்க் முடியாததால் பிள்ளை கெட்டுவிடாது. தினமும் இரவு ஒன்பது மணி வரை அழுதுகொண்டே எழுதினால் புத்தகத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

செய்ததற்கெல்லாம் ஸ்டார், பரிசு என்று கொடுத்தால் லஞ்சம் ஆகாதா?

வேலையை முடித்த பிறகு, முன்பே பேசிவைத்தபடி கொடுப்பது கூலி. அழுகையை நிறுத்துவதற்காக அந்த நேரத்தில் கொடுப்பதுதான் லஞ்சம். இந்தப் பிள்ளைகளுக்கு மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி வேலை செய்யாது, அது கண்ணுக்கெட்டாத தூரம். உடனே, சின்னதாக, அடிக்கடி கிடைக்க வேண்டும். ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போட்டு வாருங்கள். பத்துக் கொட்டை சேர்ந்தால் இரவு அப்பாவோடு கூடுதலாக ஒரு கதை, அல்லது வண்டியில் ஒரு சுற்று. காசு செலவாகாத பரிசே போதும். ஒருமுறை போட்ட கொட்டையை எந்தக் கோபத்திலும் திரும்ப எடுக்காதீர்கள். பாராட்டும்போது "குட் பாய்" என்று பொதுவாகச் சொல்லாமல், "கூப்பிட்டதும் முதல் தடவையே வந்தாய்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

"இரண்டு அடி கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார் என் மாமியார்.

அடித்தால் அந்த நிமிடம் அடங்கும், அதனால்தான் அடி பலிப்பதுபோலத் தெரிகிறது. மறந்துபோவதை அடித்துத் திருத்த முடியாது. பயத்தில் செயல்நினைவு இன்னும் சுருங்கும். கொஞ்ச நாளில் பிள்ளை மறைக்கவும் பொய் சொல்லவும் பழகிவிடுகிறது. மாமியாரிடம் வாதம் செய்வதைவிட, "அத்தை, நீங்கள்தான் அவனோடு தாயம் ஆடுங்கள், காத்திருக்கப் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பெரும்பாலும் பாட்டியிடம் இருக்கிற பொறுமை நம்மிடம் இருப்பதில்லை.

யோகா, கராத்தே, நீச்சல், இதில் எது நல்லது?

பிள்ளை விரும்பிப் போவது எதுவோ அது. மூச்சு வாங்க ஓடியாடுவது கவனத்துக்கு ஓரளவு உதவுகிறது, தூக்கத்துக்கு நன்றாகவே உதவுகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்குமே தினம் சராசரியாக ஒரு மணி நேரம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துவது தலைகீழான வைத்தியம். தூக்கம் 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலை ஏழு மணிக்கு வேன் வருகிற வீடுகளில் இரவு சாப்பாடே ஒன்பதரைக்கு என்றால், முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டு நேரத்தை.

சர்க்கரை, சாக்லேட்டை நிறுத்தினால் அடங்குவானா?

சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தையோ கவனமோ மாறுவதில்லை என்று 1995இலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பல்லுக்காகவும் எடைக்காகவும் குறையுங்கள், அது நல்லதுதான்.

மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவான் என்று பயமாக இருக்கிறது. வீட்டுப் பயிற்சியிலேயே சமாளிக்க முடியாதா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது ஆறு வயதுக்குள், பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். அதற்குமேல் பிரச்சினை மிதமாக இருந்தால் வீட்டிலும் பள்ளியிலும் செய்யும் மாற்றங்களே போதுமானதாக இருக்கலாம். கடுமையாக இருந்தால் மருந்தின் பலனுக்குப் பக்கத்தில் எந்த மூளைப் பயிற்சியும் வராது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு 579 பிள்ளைகளுக்கு 14 மாதம் வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தது. அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது.

இதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தில் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்வார்கள், எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்ப்பார்கள். டாக்டர் சொன்ன அளவில், அவருடைய கண்காணிப்பில் எடுக்கும் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. கண் சரியாகத் தெரியாதவருக்குக் கண்ணாடி போட்டுவிடுவதுபோல் இதையும் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. கண்ணாடி எழுத்தைத் தெளிவாகக் காட்டும், படிக்கக் கற்றுத் தராது. அந்தப் பகுதி நம்முடையது.

என் மகள் சேட்டையே பண்ணமாட்டாள். ஆனால் எப்போதும் கனவில் இருப்பதுபோல இருக்கிறாள்.

இதைக் கேட்கும் அம்மாக்கள் குறைவு, நான் அதிகம் கவலைப்படுவது இந்தப் பெண் பிள்ளைகளைப் பற்றித்தான். வகுப்பில் தொந்தரவு செய்யாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. "அமைதியான பொண்ணு, கொஞ்சம் மந்தம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பாடம் ஓடிக்கொண்டிருக்கும், இவள் வேறு எங்கோ இருப்பாள். பத்தாம் வகுப்புக்கு வரும்போது "நான் முட்டாள்" என்று தானே நம்பியிருப்பாள். துள்ளல் இல்லாத கவனக்குறைவும் ஏ.டி.எச்.டி.யில் ஒரு வகைதான். தயவுசெய்து காட்டிப் பாருங்கள்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். முன் வரிசை, ஜன்னலையும் கதவையும் தள்ளி. டைரியில் எழுதிவிட்டானா என்று வகுப்பு முடியும்முன் ஒரு பார்வை. கரும்பலகையை அழிக்கும் வேலையை, நோட்டு எடுத்து வரும் வேலையை அவனுக்குக் கொடுத்தால் எழுந்து நடக்க நியாயமான காரணம் கிடைக்கும். புகார் சொல்லும் தொனியில் போகாமல், "வீட்டில் இதைச் செய்கிறோம், பலன் தெரிகிறது, நீங்களும் ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா மிஸ்?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் அரசு உதவி எங்கே கிடைக்கும்?

தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அந்தத் திட்டத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால், அதற்கும் சோதிக்கச் சொல்லுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது. இன்று ராத்திரி ஒன்றே ஒன்று செய்வதென்றால் எதைச் செய்வது?

பள்ளிப் பையை அடுக்குவது. சாப்பிட்டு முடித்ததும் நாளைய டைம்டேபிளைப் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் பையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு நோட்டாக அவனே எடுத்து வைக்கட்டும். விட்டதைச் சொல்லாமல் "மூன்றாவது பீரியட் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அடுக்கிய பையை வாசல் கதவோரம் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஷூ. ஒரு புளியங்கொட்டை. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, இன்று எத்தனை முறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். முதல் நாள் ஒன்பது என்று இருக்கலாம். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டைத் திரும்பப் புரட்டும்போது அது ஐந்தாகியிருந்தால் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம். அப்போது அடுத்த வேலையை எடுங்கள்.